எலி மருந்து குடிக்காதவள்

நாலு நாள் நான் எலி மருந்து குடித்தவளாக இருந்தேன். ரெட்டிபாளையத்தில் எங்கள் தெருக்காரர்கள் சிலருக்கு நான் இன்னும் அப்படித்தான். அவர்களுக்காக இதை எழுதவில்லை. நிற்காத விக்கலும் வாந்தியுமாகக் கிடந்து, பிறகு ஒரு கண் மங்கத் தொடங்கும் யாரோ ஒருவருக்காக, அல்லது அவர் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்காகவோ அப்பாவுக்காகவோ எழுதுகிறேன். வலது கண்ணை நம்பித்தான் எழுதுகிறேன். இடது கண்ணைப் பற்றி அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். வம்பே அதில்தான் தொடங்கியது. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எலிகளைப் பராமரிப்பது என் வேலை. நெல்லைத் தின்கிற எலிகள் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளையும் கறுப்புமான சுண்டெலிகள், ஆராய்ச்சிக்காகவே மரபணுவை மாற்றி வளர்க்கப்படுபவை. நிவேதிதா என்ற ஆராய்ச்சி மாணவிக்காக நான் இரண்டு வகை எலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூளையில் நரம்புச் செல்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்குத் தீனி கொடுத்து, தண்ணீர் விட்டு, குப்பை அள்ளி, கீழே விழாமல் தாங்கிக்கொள்ள வேறு செல்கள் இருக்கின்றன. நட்சத்திரம் போலக் கிளை விரித்திருப்பதால் அவற்றில் ஒரு வகைக்கு நட்சத்திரச் செல் என்று பெயர். என் முதல் வரிசைக் கூண்டுகளில் இருந்த எலிகளுக்கு அந்த நட்சத்திரச் செல்கள் மட்டும் பச்சையாக ஒளிரும். இரண்டாவது வரிசை எலிகளுக்கு, அந்தச் செல்களின் பாதத்தில் தண்ணீர் போய்வரும் ஒரு சிறு கதவு உண்டே, அந்தக் கதவே இருக்காது. அதைச் செய்யச் சொல்லும் மரபணுவை எடுத்துவிட்டார்கள். கதவில்லாமல் மூளை என்ன பாடுபடுகிறது என்று பார்ப்பது நிவேதிதாவின் ஆராய்ச்சி. அந்த வரிசையைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பாவமாக இருக்கும்.

கூண்டு மாற்றுவேன், எது எந்த எலி என்று தெரியக் காதில் அடையாளம் போடுவேன், குட்டிகளைப் பிரிப்பேன், சொன்ன வேளைக்கு மருந்து கொடுப்பேன். ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை தொங்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்கள் மேலாளர் சொன்னது, "பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே." எலி கூனி உட்கார்ந்திருந்தால் கூனி உட்கார்ந்திருக்கிறது என்றுதான் எழுத வேண்டும். வயிற்றுவலி என்று எழுதினால் அடுத்து வருகிறவர் வயிற்றை மட்டும்தான் பார்ப்பார்.

அப்பாவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. அவர் சிமெண்ட் ஆலையில் மூட்டை பிடிக்கும் பகுதியில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறார். ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் தாங்கும் செல்களைப் பற்றி விளக்கினேன். "செங்கல்லுக்கு நடுவுல பூசுற கலவைன்னு சொல்லு," என்றார். ரொம்ப நாள் ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்களாம், சரியாகப் பிடித்துவிட்டாரே என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த வாக்கியத்திலேயே, "கலவையப் பாக்க எலி எதுக்கு? நீ பேசாம அரசாங்கப் பரிச்ச எழுது," என்றார். ஆலையில் யார் கேட்டாலும் மகள் சயின்டிஸ்ட் என்று சொல்லிவிடுவார். எலி என்ற சொல் அவர் வாயிலேயே வராது.

நோய் வருவதற்குப் பத்து நாள் முன்னால் போனில் இதே சண்டை. "எத்தன நாளைக்கு எலிப் புழுக்கைய அள்ளுவ?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போய்விடும். "எலியோடயே கெடந்து செத்துப்போறேன், விடுங்க," என்று சொல்லிப் போனை வைத்தேன். எல்லார் வீட்டிலும் பேசுகிற பேச்சுதான். அது எனக்கு எதிராகவே சாட்சி சொல்லும் என்று யாருக்குத் தெரியும்?

சித்தி மகன் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கு வரதராசன்பேட்டை போக வேண்டும் என்று லீவு போட்டு வந்தேன். பஸ் பெரம்பலூரைத் தாண்டும்போது விக்கல் பிடித்தது. யாரோ நினைக்கிறார்கள் என்று பக்கத்து இருக்கை அக்கா சிரித்தார். வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. மறுநாள் வாந்தி சேர்ந்துகொண்டது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. வயிற்றில் வலியே இல்லை, அதுதான் வினோதம். அம்மா சீரகத் தண்ணீர் வைத்தாள், நாக்கில் சர்க்கரை போட்டாள், ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். விழாவுக்கு யாரும் போகவில்லை. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை காலையில், அப்பா ஷிப்டுக்குப் போயிருந்த நேரம், அம்மா என்னை ஆட்டோவில் போட்டு அரியலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பேர் வேண்டாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை.

அவசரப் பிரிவில் என்னைப் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். எனக்குப் பாதி மயக்கம். கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து என் மூக்கு வழியாகக் குழாய் விட்டார். எதற்கு என்று கேட்க முடியவில்லை, விக்கல் தூக்கிப்போட்டது. அவர் குனிந்து காதோரம் சொன்னார்.

"ஏம்மா இப்புடிப் பண்ண? பெத்தவங்க மொகத்த நெனச்சுப் பாத்தியா?"

வாந்தி எடுத்ததற்கு ஏன் திட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சாயங்காலம் டூட்டி டாக்டர் வந்தபோதுதான் விளங்கியது. "எவ்வளவு எலி மருந்து சாப்புட்ட? பேஸ்ட்டா, கேக்கா?" என்று கேட்டார்.

"நான் ஒண்ணும் சாப்புடல சார்."

"எல்லாரும் மொதல்ல இதத்தாம்மா சொல்லுவாங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, சலிப்பாகச் சொன்னார். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அந்த மருந்தோடு வருகிறவர்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ. அந்த விஷம் முதல் நாள் வாந்தியோடு அடங்கினாற்போல இருக்கும், மூன்று நாலு நாள் கழித்துத்தான் கல்லீரலைத் தாக்கும் என்று அம்மாவிடம் விளக்கினார். அதனால் தினம் ரத்தம் எடுத்துக் கல்லீரலைப் பார்க்க வேண்டும், அஞ்சாறு நாள் எங்கேயும் நகரக் கூடாது. அம்மா சுவரோடு சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் போனதும் என் தலைமாட்டில் வந்து நின்றாள். அவள் முகத்தில் இருந்தது பயம் மட்டும் இல்லை, அவமானமும்தான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது.

"நீயுமாம்மா?"

"டாக்டரே சொல்றாங்களேடி," என்றாள். "ரத்தத்துல தெரியாமயா சொல்வாங்க? பங்குச் சாமியார வரச் சொல்றேன். பாவசங்கீர்த்தனம் பண்ணிடு ஸ்டெல்லா. மனசு லேசாயிடும்."

செய்யாத பாவத்தை எப்படி அறிக்கையிடுவது? நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஷிப்டு முடிந்து அப்பா வந்தார். சட்டையில் சிமெண்ட் தூள் அப்படியே இருந்தது. கட்டில் கால்மாட்டில் நின்றார், எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்தார். விஷம் என்று பதிவானால் ஸ்டேஷனுக்குச் சொல்லியாக வேண்டுமாம். வயதானவர், தன்மையாகத்தான் பேசினார். "வூட்ல எதாவது பிரச்னையாம்மா? யாராவது திட்னாங்களா?" என்றார். நான் இல்லை என்றேன். அவர் அப்பாவிடம் திரும்பினார். அப்பா தரையைப் பார்த்தார்.

"நாந்தாங்க திட்னேன்," என்றார். "வேலைய வுடச் சொன்னேன். செத்துப்போறேன்னு சொல்லுச்சு."

அது எழுதப்பட்டது. பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் அதோடு என் கதை முடிந்துபோனது போல இருந்தது.

வியாழக்கிழமை காலை விழித்தபோது இடது கண்ணைத் திருப்பினால் வலித்தது. கண்ணுக்குப் பின்னால், ஆழத்தில், யாரோ கயிறு கட்டி இழுப்பது போன்ற வலி. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். ஜன்னல் தெரிந்தது, ஆனால் நடுவில் புகை. அம்மா கட்டியிருந்தது சிவப்புச் சேலை. இடது கண்ணுக்கு அது காய்ந்துபோன மண் நிறத்தில் இருந்தது. கையை மாற்றி மாற்றிப் பொத்தினேன். சிவப்பு, மண், சிவப்பு, மண்.

நர்சைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சாப்புடாம கெடக்குறல்ல, மயக்கமா இருக்கும்," என்றார். டாக்டரிடம் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்தார். கல்லீரல் ரிப்போர்ட் இதுவரை நல்லபடியாக இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் தாண்டட்டும், பிறகு கண் டாக்டரைப் பார்க்கலாம் என்றார். இரண்டு நாள். மத்தியானத்துக்குள் புகை தடித்துவிட்டது. எனக்கு அப்போது கோபம் போய்ப் பயம் மட்டும் மிஞ்சியது. இந்த ஒரு கண்ணோடு நிற்குமா, அடுத்த கண்ணுக்கும் போகுமா?

வெள்ளிக்கிழமை காலை ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் புதியவர், சின்னப் பெண். அவரிடம் கெஞ்சினேன். "சிஸ்டர், நான் மருந்து சாப்புட்டேன்னு அந்தத் தாள்ல யாரு சொன்னதா எழுதியிருக்கு, படிங்களேன்."

அவர் புரட்டிப் பார்த்தார். "ஒங்க அம்மா சொன்னதாத்தான் போட்ருக்கு."

அம்மா ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "நானா? நான் எங்க சொன்னேன்? டாக்டருல்ல எங்கிட்ட சொன்னாரு!"

"வந்தன்னைக்கு ஒங்கிட்ட என்ன கேட்டாங்க? நெனச்சுப் பாரும்மா."

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மெதுவாகச் சொன்னாள். "என்ன வேல பாக்குதுன்னு கேட்டாங்க. எலிக்கு மருந்து குடுக்குற வேலன்னேன். அந்தப் பக்கம் ஒருத்தரு ஊசிக்கு அலறிக்கிட்டு இருந்தாரு, சரியாக் கேக்கல போல. எலி மருந்தான்னு கேட்டாங்க. ஆமாங்க, எலி மருந்துதான்னேன்."

அவ்வளவுதான். அவர்கள் அம்மா சொல்லி நம்பினார்கள், அம்மா அவர்கள் சொல்லி நம்பினாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மூக்கில் குழாயோடு கிடந்தேன். சிரிப்பு வந்தது, விக்கல் குறுக்கே வந்து அதையும் நிறுத்தியது. எங்கள் எலிக் கூண்டு அட்டையில் இப்படி எழுதியிருந்தால் மேலாளர் கிழித்துப்போட்டிருப்பார்.

அம்மா ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போலீஸுக்குப் பயந்து குடும்பங்கள் நாலாம் நாள் பேச்சை மாற்றுவது வழக்கம்தான் என்றார். அம்மா திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது அப்பா வந்தார். அம்மா நடந்ததை அவரிடமும் சொன்னாள். நான் அவரிடம் போனைக் கொடுத்து நிவேதிதாவுக்குப் போடச் சொன்னேன். விக்கல் உலுக்கியதில் என்னால் எழுத்தைப் படிக்க முடியவில்லை. விக்கலுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் நினைத்ததைச் சொல்லவில்லை, பார்த்ததை மட்டும் சொன்னேன். ஆறு நாளாக விக்கல், வாந்தி, வயிற்றில் வலி இல்லை. கண்ணைத் திருப்பினால் வலி. சிவப்பு மண் நிறமாகத் தெரிகிறது.

"ஸ்டெல்லா, நம்ம ரெண்டாவது வரிசை," என்றாள் நிவேதிதா. "அந்தத் தண்ணிக் கதவு. மனுஷங்கள்ல சிலருக்கு ஒடம்பே அந்தக் கதவ எதிரின்னு நெனச்சு அடிக்கும். மூளையில வாந்தி எடுக்க வைக்கிற எடத்துலயும் கண் நரம்புலயும் அந்தக் கதவு நெறைய. நான் டாக்டர் இல்ல, ஆனா இன்னைக்கே நரம்பு டாக்டர்கிட்ட போ. நாளைக்குன்னு இருக்காத."

அப்பா ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டார். டாக்டரிடம் போய் அனுப்பிவைக்கச் சொன்னார். கல்லீரல் எந்த நேரமும் கெட்டுப்போகலாம், வழியில் ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை, எழுதிக்கொடுத்துவிட்டுக் கூட்டிப்போங்கள் என்றார் டாக்டர். அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா காகிதத்தை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். பெரம்பலூர் போகும்வரை காரில் என் மணிக்கட்டை விடவே இல்லை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலும் அதே கேள்வி வந்தது. "பொண்ணு என்ன வேலை பாக்குது?" அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்பா முன்னால் வந்தார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"எலி வளக்குதுங்க. ஆராய்ச்சிக்கு. மருந்துன்னு நான் எதுவும் சொல்லல. எலி. அத மட்டும் எழுதிக்குங்க."

நரம்பியல் டாக்டரம்மா ஒரு மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியை எடுத்து ஒவ்வொரு கண்ணுக்கும் காட்டினார். விக்கல் எப்போது தொடங்கியது என்று கேட்டார். அந்தக் கேள்வியை யாரும் அதுவரை கேட்கவில்லை. அன்றே எம்ஆர்ஐ எடுத்தார்கள். குறுகலான குழாய்க்குள் தலையைச் சேர்த்துக் கட்டி, சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தத்தில் முக்கால் மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். எனக்கு விக்கல் இருந்ததால் மூன்று முறை எடுத்தார்கள். மூளையின் அடித்தண்டில் வாந்தியைக் கட்டுப்படுத்தும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கண் நரம்பில் நீளமான வீக்கம். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார்கள், அந்தக் கதவைத் தாக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க. ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடிக்க உடம்பு செய்து வைத்திருக்கும் ஆயுதம். என் உடம்பு அதை என் நட்சத்திரச் செல்கள் மேலேயே திருப்பியிருந்தது. முடிவு வர நாளாகும், அதுவரை காத்திருக்க முடியாது என்று அன்று மாலையே வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு ஏற்றத் தொடங்கினார் டாக்டரம்மா. "தாமதிச்ச ஒவ்வொரு நாளும் கண்ணுலதாம்மா கழியும்," என்றார்.

மூன்றாம் பாட்டிலில் விக்கல் நின்றது. நின்ற அமைதியில் அம்மா ஜெபமாலையைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். கண் பார்வை மட்டும் திரும்பவில்லை. கழுத்தில் குழாய் போட்டு, ரத்தத்தை வெளியே எடுத்து, அந்த ஆயுதம் மிதக்கும் நீரை மட்டும் பிரித்து வீசிவிட்டு, மிச்சத்தை உள்ளே அனுப்பினார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள், ஐந்து தடவை. அந்த இயந்திரத்தின் பக்கத்தில் குளிரில் நடுங்கிக் கிடந்தபோதெல்லாம் வலது கண்ணைப் பொத்திப் பார்ப்பேன், பிறகு இடது கண்ணைப் பொத்திப் பார்ப்பேன். எது எப்போது போகும் என்ற பயம் ஒரு நிமிஷமும் விடவில்லை. ரத்த முடிவும் வந்தது. நிவேதிதா சொன்னதேதான். கதவில்லாத என் இரண்டாவது வரிசை எலிகளுக்கு இந்த நோய் வரவே வராதாம், தாக்குவதற்குக் கதவு வேண்டுமே. நான் பாவம் பார்த்த எலிகள் அவை.

வலது கண் தப்பியது. இடது கண்ணில் புகை பாதிதான் விலகியது. நிறங்கள் திரும்பவில்லை. நாலு நாள் முன்னால் வந்திருந்தால் என்று ஒரு பயிற்சி டாக்டர் தொடங்கினார், அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா ஒரு வழக்கம் பிடித்தார். டாக்டரம்மாவிடம் கேட்டு அந்தச் சிவப்பு மூடியை வாங்கி வந்திருந்தார். தினம் ஷிப்டு முடிந்து குளித்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்து, வலது கண்ணைத் தன் கையாலேயே பொத்தி, மூடியைக் காட்டி என்ன கலர் என்று கேட்பார். நான் மண் கலர் என்பேன். சரி, நாளைக்குப் பாப்போம் என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஸ்டீராய்டில் என் முகம் இட்லி போல ஊதியிருந்தது. அன்று அவர் வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். "எலி மருந்துன்னு சொன்னது தப்பாப் போச்சுன்னு அம்மா சொன்னதுக்கப்புறம்தான நீங்க என்ன நம்புனீங்க?"

அவர் மூடியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா," என்றார். "நம்பல. ஒங்கம்மா ஒன்னக் காப்பாத்தப் பேச்ச மாத்துறான்னுதான் நெனச்சேன். நாந்தான் ஒன்ன குடிக்க வச்சேன்னு நெனச்சேன். கையெழுத்துப் போடறப்பகூட அப்படித்தான் நெனச்சேன்."

"அப்புறம் ஏன் கூட்டிட்டுப் போனீங்க?"

"குடிச்சிருந்தா என்ன, கண்ணு தெரியலன்னு சொல்ற பிள்ளைக்குக் கண்ணு தெரியலதான?"

நான் விஷம் குடிக்கவில்லை என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். விஷம் உள்ளே இருக்கிறது, வழியிலேயே நான் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போட்டிருக்கிறார். காரில் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது ஆறுதலுக்கில்லை, நாடி பார்க்க.

அவர் கையை நீட்டி என் வலது கண்ணைப் பொத்தினார். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. இடது கண்ணுக்கு முன்னால் மூடியைப் பிடித்தார்.

"சொல்லும்மா. என்ன கலரு?"

காய்ந்த மண் நிறம். நேற்று இருந்த அதே நிறம். டாக்டரம்மாவிடம் அடுத்த முறை அதைத்தான் சொல்லப்போகிறேன்.

"செவப்புப்பா," என்றேன்.

அந்த ஆஸ்பத்திரியில் நாலு நாள் உண்மையைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. அப்பா இதை உடனே நம்பினார்.